ஊருக்கு ஒரு நியாயம்: மார்ஃபினும் நாள்பட்ட வலியும்

உலகம் முழுவதும் ஓராண்டில் மருத்துவத்துக்காக விநியோகமாகும், மார்ஃபின் போன்ற கடும் வலி நிவாரணிகளான ஓபியாய்டு மருந்துகளை எல்லாம் மார்ஃபின் அளவுக்கு மாற்றிக் கூட்டினால் சுமார் 298.5 டன் வருகிறது. அதில் மிக ஏழை நாடுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கிடைத்தது 0.1 டன். 2010 முதல் 2013 வரையிலான விவரங்களை வைத்து, லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2017இல் வெளியிட்ட கணக்கு இது. கடும் நோயில் இருப்பவர்களின் வலியைத் தணிக்க ஒவ்வொரு நாட்டுக்கும் எவ்வளவு வேண்டும் என்றும் அந்த ஆணையம் மதிப்பிட்டது. அமெரிக்காவில் அந்தத் தேவையைப் போல 30 மடங்குக்கு மேல் புழங்கியது. இந்தியாவில் புழங்கியது தேவையில் 4 சதவீதம்தான்.

இத்தனைக்கும் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அரசு உரிமம் வாங்கி விவசாயிகள் மார்ஃபினுக்கு மூலப்பொருளான அபினைப் பயிரிடுகிறார்கள். காஜிப்பூரிலும் நீமச்சிலும் அதைப் பதப்படுத்த அரசு ஆலைகள் இருக்கின்றன. வெளிநாட்டு மருந்து நிறுவனங்களுக்கு இங்கிருந்து சரக்கு போகிறது. சொந்த ஊர்ப் புற்றுநோயாளிக்கு மட்டும் மாத்திரை கிடைப்பதில்லை.

மருந்து ஒன்றுதான், மனித உடம்பும் ஒன்றுதான். யார் எழுதிக் கொடுக்கலாம், யார் பணம் கட்டுகிறார்கள், யார் எதற்குப் பயப்படுகிறார்கள் என்பதில்தான் நாட்டுக்கு நாடு வித்தியாசம். அதற்குள் போகும் முன் மருந்தையும் வலியையும் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

கசகசாச் செடியின் காயைக் கீறினால் வடியும் பால்தான் அபின். அதிலிருந்து பிரித்தெடுப்பது மார்ஃபினும் கோடீனும். அதே அடிப்படையில் ஆய்வகத்தில் மாற்றியோ புதிதாகவோ செய்யப்பட்டவை ஆக்சிகோடோன், ஃபென்டனில், டிராமடால், டேபென்டடால் போன்றவை. இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஓபியாய்டு என்று பெயர். நம் மூளையிலும் தண்டுவடத்திலும் குடலிலும் இவை போய் ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகள் உள்ளன. தண்டுவடத்தில் ஒட்டினால் வலிச் செய்தி மேலே போவது மட்டுப்படும். மூளையில் ஒட்டினால் வலி குறைவதோடு ஒரு சுகமும் வரும். அளவு மீறினால் மூச்சு விடும் வேகம் குறையும். குடலில் ஒட்டினால் மலச்சிக்கல். ஓபியாய்டு சாப்பிட்டு இறப்பவர்கள் பெரும்பாலும் மூச்சு நின்றே இறக்கிறார்கள்.

மூன்று விஷயங்களை மக்கள் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால் அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சில வாரங்கள் சாப்பிட்டபின் அதே அளவு மாத்திரை முன்போல் கேட்காமல் போவது ஒன்று. அது உடம்பு மருந்துக்குப் பழகுவது. திடீரென்று நிறுத்தினால் வியர்வை, நடுக்கம், வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை எல்லாம் வருவது இரண்டாவது. அது உடம்பு மருந்தைச் சார்ந்திருப்பது. தொடர்ந்து சாப்பிடும் யாருக்கும் இவை இரண்டும் வரலாம், அதற்காக அவர் அடிமையாகிவிட்டார் என்று ஆகாது. வலி இல்லாவிட்டாலும் மருந்தைத் தேடி அலைவது, வேலையும் குடும்பமும் கெட்டாலும் விட முடியாமல் இருப்பது, இதுதான் அடிமைநிலை. இது எல்லோருக்கும் வருவதில்லை. ஆனால் அளவு கூடக்கூட, நாள் கூடக்கூட ஆபத்தும் கூடும்.

சரி, வலிக்கு வருவோம். கால் முறிந்தால், அறுவை சிகிச்சை செய்தால் வருவது உடனடி வலி. அதற்குக் காரணம் தெரியும், காயம் ஆறினால் அதுவும் போகும். ஓபியாய்டு அங்கே சில நாள் நன்றாகவே வேலை செய்யும். புற்றுநோய் முற்றிய நிலையில் வரும் வலிக்கும் மார்ஃபினுக்கு நிகரான மருந்து குறைவு. 1967இல் லண்டனில் இறுதிக்கட்ட நோயாளிகளுக்கான செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் காப்பகத்தைத் தொடங்கிய மருத்துவர் சிசிலி சாண்டர்ஸ், வலி வந்து கதறும் வரை காத்திராமல் மணிக்கணக்கு வைத்து மருந்து கொடுத்துவந்தார். மெல்லத்தான் மற்ற மருத்துவர்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். 1986இல் உலக சுகாதார நிறுவனம் புற்றுநோய் வலிக்காகப் படிப்படியான ஒரு முறையை வெளியிட்டது: முதலில் பாராசிட்டமால் போன்றவை, போதாவிட்டால் கோடீன் போன்ற மெல்லிய ஓபியாய்டு, அதுவும் போதாவிட்டால் மார்ஃபின்.

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியை நாள்பட்ட வலி என்கிறார்கள். இடுப்பு வலி, முதுகு வலி, மூட்டுத் தேய்மானம், சர்க்கரை நோயில் பாதம் எரிவது, உடம்பெல்லாம் வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியா எல்லாம் இதில் வரும். இங்கே பல சமயம் காயத்துக்கும் வலிக்கும் உள்ள தொடர்பு அறுந்துபோயிருக்கும். தெருவில் சில கார்கள் மேல் காக்கா உட்கார்ந்தாலே அலாரம் அலறுமே, அப்படி நரம்பு மண்டலமே அளவுக்கு மீறிக் கூர்மையாகிவிடும். ஸ்கேனில் பெரிதாக ஒன்றும் தெரியாது, ஆனால் வலி நிஜம். ‘எல்லாம் மனப்பிரமை’ என்று சொல்லும் வீட்டாரும், சில மருத்துவர்களும் கூட, இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். தூக்கம் கெட்டால் வலி கூடும். வலி கூடினால் தூக்கம் கெடும். கவலை, வேலை போவது, நடமாட்டம் குறைந்து தசை தளர்வது எல்லாம் சேர்ந்து அதை வளர்க்கும்.

இந்த வகை வலிக்கு ஓபியாய்டு எவ்வளவு உதவும்? அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகளில் முதுகு, இடுப்பு, முழங்கால் வலி உள்ள 240 பேரை இரண்டாகப் பிரித்து ஒரு வருடம் கவனித்தார்கள். ஒரு பகுதியினருக்கு மார்ஃபின், ஆக்சிகோடோன் போன்றவை, மற்றவர்களுக்குப் பாராசிட்டமால், சாதாரண வலி மாத்திரைகள் போன்றவை. 2018இல் முடிவு வந்தது. அன்றாட வேலைகளைச் செய்வதில் இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. வலி அளவில் சாதாரண மாத்திரைக்காரர்களே கொஞ்சம் தேவலை. பக்கவிளைவு ஓபியாய்டு சாப்பிட்டவர்களுக்கு அதிகம்.

ஆகக் கடைசிக்கட்டப் புற்றுநோய் வலியில் தெய்வமாக நிற்கும் மருந்து, பத்து வருட முதுகு வலியில் பெரிதாகச் சாதிப்பதில்லை. இந்த இரண்டு வலிகளுக்கும் நடுவே உள்ள எல்லைக்கோட்டை யார் எப்படி அழித்தார்கள் என்பதுதான் அடுத்து வரும் கதையெல்லாம்.

அமெரிக்காவில் 1980இல் ஒரு மருத்துவ இதழில் ஐந்தே வாக்கியங்களில் ஒரு கடிதம் வந்தது. மருத்துவமனையில் தங்கி ஓபியாய்டு பெற்ற 11,882 பேரில் நான்கு பேர்தான் புதிதாக அடிமையானதாகப் பதிவாகியிருக்கிறது என்றது அது. அவர்கள் நர்ஸ் கண்காணிப்பில் இருந்தவர்கள். வீட்டுக்குப் பாட்டிலைக் கொண்டுபோய் வருடக்கணக்கில் சாப்பிட்டவர்களைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. ஆனால் அந்தக் கடிதம் 600 முறைக்கு மேல் மற்ற கட்டுரைகளில் மேற்கோளாகி, ‘அடிமையாவது அபூர்வம்’ என்பதற்குச் சான்றிதழ் ஆகிவிட்டது. 1996இல் பர்டூ என்ற மருந்து நிறுவனம் ஆக்சிகோடோன் அடங்கிய ஆக்சிகான்டின் மாத்திரையைச் சந்தைக்குக் கொண்டுவந்து, முதுகு வலிக்கும் மூட்டு வலிக்கும் கூடத் தள்ளியது. மருந்தின் ஆபத்தை மறைத்து விற்றதாக அந்த நிறுவனம் 2007இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. 2020இல் மறுபடியும் வேறு குற்றங்களை ஒப்புக்கொண்டது.

நிறுவனத்தின் பேராசை மட்டும் என்று நிறுத்திக்கொண்டால் பாதிக் கதைதான் தெரியும். நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் போல வலியையும் ஒவ்வொரு முறையும் கேட்டு எண் போடவேண்டும் என்ற இயக்கம் 1990களில் எழுந்தது. மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு 2001 முதல் வலியை அளப்பதைக் கட்டாயமாக்கியது. நோக்கம் நல்லதுதான். ஆனால் மருத்துவருக்கு ஒரு நோயாளிக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். காப்பீட்டு நிறுவனம் மாத்திரைக்கு உடனே பணம் கொடுக்கும். இருபது தடவை பிசியோதெரபிக்கும், வலியோடு வாழப் பழக்கும் உளவியல் ஆலோசனைக்கும் இழுத்தடிக்கும். வலிக்குப் பத்துக்கு 8 என்று காகிதத்தில் இருக்கிறது, கையில் இருப்பது மருந்துச் சீட்டுதான் என்றால் என்ன நடக்கும்? 2012இல் அந்த நாட்டில் 25 கோடிக்கும் மேல் ஓபியாய்டு சீட்டுகள் எழுதப்பட்டன. நூறு பேருக்கு 81 சீட்டு.

அப்புறம் பிரேக் போட்டார்கள், அதுவும் ஒரேயடியாக. 2016இல் நோய்க்கட்டுப்பாட்டு மையம் ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. நாளொன்றுக்கு 90 மில்லிகிராம் மார்ஃபினுக்குச் சமமான அளவைத் தாண்டுவதைத் தவிர்க்கச் சொன்னது. வழிகாட்டியைச் சட்டம் போல எடுத்துக்கொண்டார்கள் காப்பீட்டு நிறுவனங்களும் பல மாநில அரசுகளும். வருடக்கணக்கில் அதிக அளவு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு மாத்திரையைச் சட்டென்று வெட்டிவிட்டார்கள். கடும் வலியும், தற்கொலை எண்ணமும், தெருவில் போதை வாங்கப் போவதும் அதன் விளைவுகள். திடீரென்று நிறுத்தாதீர்கள் என்று 2019இல் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்க வேண்டியதாயிற்று. 2022இல் வழிகாட்டியும் தளர்த்தி எழுதப்பட்டது.

சீட்டுகள் 2020இல் 14 கோடி அளவுக்கு இறங்கிவிட்டன. சாவு இறங்கியிருக்கவேண்டும் அல்லவா? 2012இல் ஓபியாய்டால் இறந்தவர்கள் சுமார் 23,000. 2021இல் 80,000. மாத்திரையில் தொடங்கி, 2010 வாக்கில் ஹெராயினுக்குத் தாவி, 2013க்குப் பிறகு கள்ளச்சந்தை ஃபென்டனிலில் வந்து நின்ற கதை அது. மார்ஃபினைப் போல 100 மடங்கு வரை வீரியம் உள்ள பொருள் ஃபென்டனில். மருத்துவரின் பேனாவைக் கட்டிப்போட்டால் மட்டும் தெருவில் நடப்பது நிற்காது என்பதை அமெரிக்கா பெரிய விலை கொடுத்துத் தெரிந்துகொண்டது.

இதே மருந்துகளை ஜெர்மனியும் தாராளமாகப் பயன்படுத்துகிறது. ஐரோப்பாவில் தலைக்கு அதிக ஓபியாய்டு எழுதும் நாடுகளில் அதுவும் ஒன்று. ஆனால் அமெரிக்கா போலச் சாவு அங்கே குவியவில்லை. ஒரே காரணம் என்று சுட்ட முடியாது. பத்தில் கிட்டத்தட்ட ஒன்பது பேர் பொதுக் காப்பீட்டில் இருக்கிறார்கள். மார்ஃபின் போன்றவற்றுக்குத் தனிப் படிவத்தில் எழுதிய சீட்டு வேண்டும். அதன் நகல்கள் மருத்துவரிடமும் கடையிலும் இருக்கும். சீட்டு மருந்துகளை டிவியில் மக்களுக்கு விளம்பரம் செய்ய ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை. பரவலாகத் தரப்படும் டிலிடின் என்ற ஓபியாய்டில், ஊசியாக ஏற்றினால் போதையைத் தடுக்கும் நாலாக்சோன் சேர்த்தே வருகிறது.

எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. நாள்பட்ட வலிக்காரரை மருத்துவமனையில் ஒரு வாரத்துக்கு மேல் வைத்து, மருத்துவர், உளவியலாளர், பிசியோதெரபிஸ்ட் எல்லோரும் ஒரே அணியாகச் சிகிச்சை தரும் முறை அங்கே உண்டு. பல்முனை வலிச் சிகிச்சை என்பார்கள். அதற்குக் காப்பீடு பணம் கட்டுகிறது. மாத்திரையைத் தவிர வேறு வழி இருக்கும் இடத்தில் மருத்துவருக்கு மாத்திரையை மறுப்பதும் எளிது.

இங்கிலாந்தில் என்.எச்.எஸ். அரசு நடத்தும் இலவசச் சேவை. எந்தச் சிகிச்சை எதற்குத் தரலாம் என்று வழிகாட்டும் நைஸ் அமைப்பு, 2021 ஏப்ரலில் துணிச்சலாக ஒன்றைச் சொன்னது. தெளிவான வேறு காரணம் இல்லாமல் வலியே நோயாக இருப்பவர்களுக்குப் புதிதாக ஓபியாய்டைத் தொடங்க வேண்டாம். அதோடு நிற்கவில்லை, பாராசிட்டமாலும் இபுப்ரூஃபெனும் கூட வேண்டாம் என்றது. குழுவாகச் செய்யும் உடற்பயிற்சி, உளவியல் சிகிச்சை, அக்குபங்க்சர், சிலருக்கு அமிட்ரிப்டிலின் அல்லது டுலாக்செட்டின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் என்று பட்டியல் போட்டது. ஆதாரத்தைப் பார்த்தால் சரியான பரிந்துரை. நடைமுறையில் வலி மருத்துவமனைக்கு மாதக்கணக்கில் வரிசை. வரிசையில் நிற்பவருக்கு அன்றிரவு தூங்க என்ன தருவது என்று குடும்ப மருத்துவர் கேட்டால் வழிகாட்டியிடம் பதில் இல்லை.

இனி மறுபக்கம். இந்தியாவில் 1985இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. கடத்தல்காரர்களைக் குறிவைத்த சட்டம்தான், ஆனால் குறைந்தபட்சத் தண்டனையே 10 ஆண்டு சிறை என்ற கடுமை மருந்துக்கடைக்காரரையும் மருத்துவமனை ஸ்டோர்காரரையும் நடுங்க வைத்தது. மார்ஃபின் வாங்க, வைத்துக்கொள்ள, மாநில எல்லை தாண்டிக் கொண்டுவர என்று வெவ்வேறு துறைகளில் பல உரிமங்கள். ஒன்று கைக்கு வருவதற்குள் இன்னொன்று காலாவதியாகும். எதற்கு வம்பு என்று பெரும்பாலான மருத்துவமனைகள் மார்ஃபினையே கைவிட்டன. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் நாட்டின் மார்ஃபின் பயன்பாடு 90 சதவீதத்துக்கும் மேல் சரிந்தது. அந்தத் தலைமுறை மருத்துவர்கள் பலர் மார்ஃபின் மாத்திரையைக் கண்ணால் பார்க்காமலே படிப்பை முடித்து வெளியே வந்தார்கள். சட்டத்தைத் திருத்திவிடலாம், இந்தப் பழக்கமின்மையைத் திருத்துவதுதான் கஷ்டம்.

கேரளம் இதில் வேறு பாதை போட்டது. 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் எம்.ஆர். ராஜகோபால், சுரேஷ்குமார் முதலிய மருத்துவர்கள் ஒரு சிறிய வலி நிவாரண மையத்தைத் தொடங்கினார்கள். மார்ஃபின் மாத்திரையைக் குடும்பத்தார் கையில் கொடுத்து, எப்படிக் கொடுக்கவேண்டும் என்று சொல்லித்தந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே மார்ஃபின் வாங்கிய ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்து 2001இல் லான்செட்டில் வந்த கட்டுரை, மருந்து தெருவுக்குக் கசிந்ததாக ஒரு சம்பவம் கூடத் தெரியவில்லை என்றது. மலப்புரம் போன்ற இடங்களில் அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்களே நோயாளிகளின் வீடு தேடிப் போக ஆரம்பித்தார்கள். 2008இல் மாநில அரசு இதற்கென்று தனிக் கொள்கையே வகுத்தது. பஞ்சாயத்துகள் நர்ஸ்களை அமர்த்தின.

ராஜகோபாலும் மற்றவர்களும் பல ஆண்டு போராடிய பிறகு 2014இல் மத்தியச் சட்டம் திருத்தப்பட்டது. மார்ஃபின் உள்ளிட்ட சில மருந்துகள் ‘அத்தியாவசிய’ வகையாயின. இப்போது அங்கீகாரம் பெற்ற ஒரு மருத்துவமனைக்கு மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் அனுமதி ஒன்று போதும்.

ஆப்பிரிக்காவில் உகாண்டா இன்னும் ஒரு படி தாண்டியது. 1993இல் ஆன் மெரிமன் என்ற மருத்துவர் அங்கே ஒரு காப்பகம் தொடங்கினார். மார்ஃபின் பொடியைத் தண்ணீரில் கரைத்து, வீரியத்துக்கு ஏற்ப நிறம் சேர்த்து, பாட்டிலில் ஊற்றிக் கொடுக்கும் முறை அது. விலை மிகக் குறைவு, விழுங்கவும் சுலபம். கிராமத்தில் டாக்டரே இல்லையே என்ற கேள்விக்கு 2004இல் சட்டத்திலேயே விடை கண்டார்கள்: பயிற்சி பெற்ற நர்ஸ்கள் மார்ஃபின் எழுதலாம். இதில் முன்னோடியான நாடுகளில் அதுவும் ஒன்று. பணக்கார நாடு வழி காட்ட, ஏழை நாடு பின்பற்றும் என்று நாம் நினைத்துக்கொள்வது இங்கே தலைகீழாகிறது.

தமிழ்நாட்டுக்கு வந்தால் கதை கலங்கல். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபியும், படுக்கையில் இருப்பவர்களுக்கான ஆதரவுச் சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. நாள்பட்ட வலிக்குச் சரியாகப் பொருந்தும் இரண்டு சேவைகள் இவை. ஆனால் சர்க்கரை, பிரஷர் மாத்திரை தரும் திட்டம் என்றுதான் பலருக்கும் அதைத் தெரியும். மற்றபடி முழங்கால் வலிக்காரர் போவது பக்கத்து கிளினிக்குக்கு. ‘ஊசி போட்டாத்தான் கேக்கும்’ என்று அவரே சொல்லி, ஓபியாய்டு அல்லாத டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்தை ஊசியாகப் போட்டுக்கொள்வார். வாரக்கணக்கில் அந்த வகை மாத்திரைகளை மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் வாங்கிச் சாப்பிட்டு வயிற்றுப் புண்ணும் சிறுநீரகக் கோளாறும் வாங்கிக்கொள்கிறவர்கள் ஏராளம். நம் ஊர் முதியவர்களுக்கு ஓபியாய்டை விட இதுதான் பெரிய ஆபத்து என்பது என் எண்ணம்.

இன்னொரு பக்கம், டேபென்டடால் மாத்திரைகளை இளைஞர்கள் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்வதும், கைதுகளும் செய்தித்தாளில் வந்துகொண்டே இருக்கின்றன. டிராமடாலை 2018இல் மத்திய அரசு போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. கள்ள வியாபாரத்தைத் தடுக்கத்தான் வேண்டும். ஆனால் செய்தி ஒவ்வொரு முறையும் ‘வலி நிவாரண மாத்திரை பறிமுதல்’ என்று வரும்போது, 1985க்குப் பிறகு நடந்தது இன்னொரு முறை நடக்குமோ என்ற கவலை எனக்கு உண்டு. போலீஸ் வழக்குக்குப் பயந்து கடைக்காரர் ஒதுங்கினால், முதலில் அடிபடுவது தூங்க முடியாமல் கிடக்கும் புற்றுநோயாளி.

வீட்டில் யாருக்காவது மார்ஃபின் எழுதியிருந்தால் ‘அப்படின்னா கடைசிக் கட்டமா?’ என்று பதற வேண்டாம். வலியின் அளவைப் பார்த்துக் கொடுப்பது அது, ஆயுளைக் கணக்கிட்டு இல்லை. குடல் இளக ஒரு மருந்தும் கூடவே எழுதியிருக்கிறார்களா என்று முதல் நாளே கேளுங்கள். மலச்சிக்கல் தாங்காமல்தான் பலர் மார்ஃபினை விடுகிறார்கள். நோயாளி எழுப்பினாலும் எழாமல் மயங்கிக் கிடந்தாலோ, மூச்சு மிக மெதுவாக வந்தாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். தூக்க மாத்திரையோ மதுவோ இதோடு சேரவே கூடாது. முதுகு வலிக்கு டிராமடாலோ டேபென்டடாலோ எழுதினால் எத்தனை நாளைக்கு, எப்போது நிறுத்துவது என்று அப்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மாதக்கணக்கில் சாப்பிட்டு வருபவர் தானாக நிறுத்தக் கூடாது. மருத்துவர் சொல்படி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். மீந்த மாத்திரைகளை அலமாரியில் போட்டு வைக்காமல், வாங்கிய மருத்துவமனையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.